ஊதா அடித்தால் படம்

ஊதா அடித்தால் படம், பச்சை அடித்தால் பாட்டு. எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல இதை அவர் நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு. சுகந்தி சிடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வழவழப்பான பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்து, ஊதாவை இடது கைப்பக்கமும் பச்சையை வலது கைப்பக்கமும் வைத்துக்கொண்டே வந்தாள். ஹாலில் கால் வைக்க இடமில்லை. டிவி ஸ்டாண்டின் வயிற்றுக்குள் கிடந்தது, பரணில் கிடந்தது, அவருடைய அலமாரியில் பனியன்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது என்று எல்லாம் தரைக்கு வந்தாயிற்று. ஜிப் வைத்த கறுப்பு ஃபோல்டர்கள், கோர்ட் கட்டு மாதிரி தடிமனாக. நடுவில் குச்சி நிற்கும் உருண்டை டப்பாக்கள், அதற்கு அவர் வைத்த பேர் கேக் டப்பா. பேர் வைப்பதற்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஒரு மனுஷன் தன் ஆயுசுக்குள் இவ்வளவையும் எப்படிப் பார்த்து முடிப்பான் என்று நினைத்தவள், வாயால் சொல்லாவிட்டாலும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பார்த்து. இந்த ஒரு வாரமாக அந்த வார்த்தை வீடு முழுக்க இறைந்து கிடக்கிறது, எங்கே நடந்தாலும் காலில் குத்துகிறது. ரசத்துக்கு உப்புப் பாருங்க. கடைக்குப் போய்ட்டு வாரேன், வீட்டைப் பாத்துக்கிடுங்க. கொஞ்சம் பொறுத்துத்தான் பாருங்களேன். இத்தனை வருஷம் இதைச் சொல்லித்தான் குடித்தனம் நடந்திருக்கிறது, இப்போது இந்தச் சொல்லை எடுத்துவிட்டு எப்படிப் பேசுவது. இது ஊதா. இது பச்சை. இது வெள்ளியாக மின்னுகிறது, ஊதாவும் இல்லை பச்சையும் இல்லை, கடையில் வாங்கிய ஒரிஜினலாக இருக்கும், நடு ஓட்டையைச் சுற்றி என்னவோ பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்க வேண்டும். கண்ணாடி எங்கே வைத்தேன்.

"வெள்ளியா இருக்கறத தனியா வையி, குழப்பிராத," என்றார் அவர் உள்ளறையிலிருந்து. நினைத்தது எப்படித்தான் கேட்குமோ. அவர் குரல் இப்போதெல்லாம் வாயிலிருந்து வருவதில்லை, தரையிலிருந்து வருகிறது, கீழ் வீட்டுக்காரர் பேசுகிற மாதிரி. ஆபரேஷன் பண்ணின கண்ணுக்குள் காற்றை அடைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றுக் குமிழி மேலே ஏறி உள்ளே கிழிந்ததை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம், அதற்கு ஆள் ராப்பகலாகக் குப்புறக் கிடக்க வேண்டும். சாப்பிடவும் பாத்ரூம் போகவும் எழுந்திருக்கலாம், அப்போதும் தப்புச் செய்துவிட்டு ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் நிற்கிறவன் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டே. மின்வாரியத்தில் கொழுந்து சார் கொழுந்து சார் என்று ஒரு ஆபீஸே எழுந்து நின்ற மனுஷன், திருமலைக்கொழுந்து, மீட்டர் ரீடராகச் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனவர். நெஞ்சுவரைக்கும் கட்டிலில், நெற்றி மட்டும் எதிரே போட்ட ஸ்டூலில், இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் முகம் தொங்குகிறது. ஸ்டூல் குத்தாமல் இருக்கப் பழைய வேட்டியைச் சுருட்டிச் சும்மாடு கட்டி வைத்திருக்கிறாள். ஜென்மத்தில் ஒரு குடம் தலையில் தூக்கியிராத கான்வென்ட்காரி கட்டிய சும்மாடு, இரண்டு நாளைக்கு ஒரு தரம் அவிழ்ந்துகொள்கிறது. கழுத்து வலிக்குதா என்று கேட்டால் இல்லை என்பார். முதுகு பிடிக்கிறதா, இல்லை. பசிக்கிறதா, நீ எப்பத் தாரியோ அப்ப. இப்படி ஒரு பொறுமை இவருக்கு எங்கே இருந்தது, ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தால் வீட்டைத் தலைகீழாகப் புரட்டுகிற மனுஷனுக்கு. பார்வை வரும் என்கிற நம்பிக்கை ஆளை எப்படியெல்லாம் படுக்க வைக்கிறது. நாளைக் காலையில் செக்கப். நாளைக் காலைக்குள் சொல்லியாக வேண்டும்.

டாக்டர் சின்னப் பெண், மகள் உமையாளைவிட ஒன்றிரண்டு வயசு கூட இருந்தால் அதிசயம், முடியை மேலே தூக்கி க்ளிப் போட்டிருந்தாள். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே வராந்தாவில் டிராலியில் அவரைக் குப்புறப் போட்டு வைத்திருந்தார்கள், பச்சைத் துணி மூடியிருந்தது, காது மட்டும் வெளியே. கூட வந்தது யாரு, என்று கேட்டு இவள் முன்னால் போனதும், அந்தப் பெண் டிராலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினாள். சுகந்தியும் மாறிக்கொண்டாள். அதற்கென்ன, பாளையங்கோட்டையில் சிஸ்டர் பெனிட்டாவிடம் படித்தவள், வராந்தாவில் ஒரு வார்த்தை தமிழ் பேசினால் கழுத்தில் மரக்கட்டையை மாட்டிவிடுகிற பள்ளிக்கூடம். எங்கள் வீட்டில் ஆங்கிலம் என்பது ஒரு கதவு, வேண்டாத நேரத்தில் சாத்திக்கொள்ளலாம். மாமியார் இருந்தபோது மாமியாருக்குச் சாத்தினாள், உமை பிறந்து பேச்சு வந்ததும் அவளை உள்ளே இழுத்துக்கொண்டு இவருக்குச் சாத்தினாள். சங்கரன்கோவிலில் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு இஸ்கூல், இஸ்டூல் என்கிறவரை வெளியே நிறுத்த அது போதும். அந்த டாக்டர் பெண் சொன்னாள். சுகர் விழித்திரையைத் தின்றுவிட்டது, போன வருஷம் போன வலது கண் மாதிரியேதான் இதுவும், ஒட்ட வைக்க முடிந்ததை ஒட்டியிருக்கிறேன். இனிமேல் வாசிப்பது, டிவி பார்ப்பது, ஆளின் முகம் பார்த்து இன்னார் என்று சொல்வது எதுவும் கிடையாது. வெளிச்சம் தெரியும், கதவு எங்கே சுவர் எங்கே என்று தெரியும், அதற்கு நேவிகேஷனல் விஷன் என்று பேர், குப்புறப் படுக்காவிட்டால் அதுவும் போய்விடும். கப்பல் சமாசாரம் மாதிரி என்ன ஒரு பேர். சுகந்தி கேட்க வேண்டியதைக் கேட்டாள், ஒரு வாக்கியம்கூடத் தப்பில்லாமல், கடைசியில் தேங்க் யூ டாக்டர் என்றும் சொன்னாள், கண்ணைப் பிடுங்கிக்கொண்டவளுக்குத் தேங்க்ஸ். அப்புறம் குனிந்து அந்தக் காதில் தமிழில், நல்லாப் பண்ணியிருக்காகளாம், தெளிய கொஞ்ச நாள் ஆகுமாம், என்றாள். அவர் சரி என்றார். அவ்வளவுதான். சரி. போன செக்கப்பில் அந்தப் பெண் அவரைப் பக்கத்தில் குனிய வைத்துக்கொண்டே மறுபடியும் ஆங்கிலத்தில், இன்னும் சொல்லவில்லையா, அவர் கம்பு பிடித்து நடக்கப் பழக வேண்டும், அடுத்த தரம் வரும்போதும் நீங்கள் சொல்லவில்லை என்றால் நான் சொல்லிவிடுவேன், என்றாள். சொல்லிவிடுவாளாம். இவள் வீட்டு அடுப்பில் இவள் ஏற்றி வைத்த பாலை யாரோ வந்து இறக்கி வைக்கிற மாதிரி.

ஊதா, ஊதா, ஊதா. படங்கள்தான் அதிகம். எல்லாவற்றிலும் அவருடைய கறுப்பு மார்க்கர் எழுத்து, சரிந்து சரிந்து, மீட்டர் ரீடிங் எழுதின கை. பாதிக்கு மேல் இங்கிலீஷ் படங்கள், ஜப்பான்காரன் படம், இன்னும் எந்தெந்த ஊரிலோ மழை பெய்து யாரோ ரயிலடியில் நிற்கிற படம். ஆபீஸ் முடிந்து குளித்துவிட்டு சவுண்டைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்காருவார். அதிலும் நிம்மதியாகப் பார்ப்பாரா, நிறுத்துவார். சுகந்தி, இங்க வா, இந்த லைட்ட எங்க கட்டியிருக்கான் சொல்லு பாப்போம். அடுப்பில் தோசை கிடக்கிறவளைக் கூப்பிட்டுக் கேட்கிற கேள்வி. ஜன்னலுக்கு வெளிய கட்டியிருக்கான், அவ மூக்குல மட்டும் விழுது பாத்தியா. பார்த்தேன், பார்த்தேன், என்று சொல்லிவிட்டுத் திரும்புவாள், தோசை கருகியிருக்கும். இல்லாவிட்டால் ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டுவார், எவனோ ஒருத்தன் ஒரே வசனத்தை மறுபடி மறுபடி சொல்வான், கீழே எழுத்து ஓடும், இவர் உதடு அசையும். எழுத்து வாசிக்கத்தான் படம்னா ஒரு புஸ்தகம் வாங்கிருக்கலாம்ல, என்று அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னால் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அவள் யோசித்ததில்லை. சிரிக்கிறவரை யார் யோசிப்பார்கள். எந்திரிச்சதும் மொதல்ல அந்த ரயிலடிப் படம்தான் பாக்கணும், அத மேலாப்புல வையி, என்று இன்று காலையிலும் சொன்னார். வைத்திருக்கிறாள். இடது கைப்பக்க அடுக்கின் உச்சியில் இருக்கிறது. அதைக் கையில் எடுத்துச் சாய்த்தபோது ஊதாவுக்குள் அவள் முகம் தெரிந்தது, நடுவில் ஓட்டையோடு. இவர் கடைசியாகப் பார்த்த என் முகம் எது. இந்தக் கேள்வி முந்தாநாள் குளிக்கும்போது வந்தது, அதன் பிறகு போகவில்லை. ஆபரேஷனுக்குப் போன அன்று காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாக்கு நிறம் வெளுத்த அந்த நைட்டியோடு, வாசலில் நின்று ஆட்டோக்காரனிடம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேனே, அதுவா. அதற்கப்புறம் புடவை மாற்றிக்கொண்டுதான் போனாள், ஆனால் ஆட்டோவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவர்கள் எங்கே முகத்தைப் பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டதும் எல்லாம் மங்கல் என்றார். அப்படியானால் நைட்டிதான். சாகிற வரைக்கும் அவர் மண்டைக்குள் நான் அந்தத் துண்டோடு கத்திக்கொண்டே நிற்கப் போகிறேன், நிறுத்திவைத்த படம் மாதிரி, எந்தப் பட்டனை அமுக்கினாலும் நகராது.

பச்சைகளைச் சமையலறைத் தட்டு ஸ்டாண்டில் நிறுத்தினாள். எவர்சில்வர் தட்டுகளை இறக்கிவிட்டு நேற்றே அதைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு சிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் கவர், ஒன்றன்பின் ஒன்றாக, தட்டு மாதிரியே நின்றன. அவர் கட்டில் பக்கம் கொண்டுபோய் வைத்தால் கை எட்டும். ஆனால் கை நீட்டி எதை எடுப்பார். நாதஸ்வரமா, வாய்ப்பாட்டா, சினிமாப் பாட்டா, கைக்கு எப்படித் தெரியும், எல்லாம் ஒரே வட்டம், ஒரே வழவழப்பு. டப்பாவோடு இருந்தாலாவது விரலுக்குப் பிடி கிடைத்திருக்கும், கீறல், முனை, ஸ்டிக்கர் ஏதாவது. இந்த ஃபிளாட்டுக்குக் குடி வந்தபோது இடத்தை அடைக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இவர்தான் எல்லாவற்றையும் உரித்துப் போட்டார், பழைய பேப்பர்க்காரன் சிரித்துக்கொண்டே அள்ளிப் போனான். மத்தியானம் தலை வாரும்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. கண்ணாடியில் வரிசையாக ஒட்டி வைத்திருந்த பொட்டுகளில் ஒன்றைப் பிய்க்கும்போது விரல் நுனியில் அதன் வெல்வெட் உரசியது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். தெரிந்தது. அட்டை அட்டையாக இருந்த ஸ்டிக்கர் பொட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கவரின் வலது மேல் மூலையில், ஒரு பொட்டு நாதஸ்வரம், இரண்டு பொட்டு வாய்ப்பாட்டு, கல் வைத்த பொட்டு சினிமா, நீளப் பொட்டு பக்திப் பாட்டு. சிஸ்டர் பெனிட்டா பார்த்தால் என்ன சொல்வாளோ, மிளகு அளவுக்குக் கறுப்புப் பொட்டுதான் கான்வென்ட்டில் அனுமதி, கொஞ்சம் பெரிசாக இருந்தால் தன் கட்டை விரலாலேயே அழித்துவிடுவாள். ஒட்ட ஒட்ட வேலை சூடுபிடித்தது, பாதி ஸ்டாண்ட் முடிந்தபோதுதான் கை நின்றது. இதை அவர் விரல் முதல் தரம் தொடுகிற நிமிஷத்தில் எல்லாம் தெரிந்துவிடுமே. கண் தெரியப்போகிறவனுக்கு எதற்குப் பொட்டு. அப்படியானால் படங்களுக்கும் ஒட்டிவிட வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒட்டினால் சும்மா அடையாளத்துக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். ஊதா அடுக்கிலிருந்து ரயிலடிப் படத்தை எடுத்துக் கவருக்குள் போட்டாள். பொட்டை நகத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஒட்டாமல் உட்கார்ந்திருந்தாள். விரல் இதைக் கண்டுபிடித்து எடுத்து, மெஷினில் போட்டு, டிவி முன்னால் உட்கார்ந்து.

போன் அடித்தது. உமையாள், புனேயிலிருந்து, நேற்றைப் போலவே. அப்பாகிட்ட சொல்லிட்டியா, என்று எடுத்ததும் ஆங்கிலத்தில் கேட்டாள், அம்மாவும் மகளும் அவரைப் பற்றிப் பேசுகிற பாஷையில். சுகந்தி குரலைக்கூடத் தாழ்த்தாமல், உள்ளறைக் கதவு அகலத் திறந்து கிடக்க, அதே பாஷையில், இல்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது, படம் பார்க்கப் போகிறேன் என்று அடுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார், என்னால் முடியவில்லை, நாளைக்கு அந்த டாக்டரே சொல்லித் தொலைக்கட்டும், என்றாள். மகள் அழுதாள். அழாதே, எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, என்று போனை வைத்தாள். ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது, இனி ஊதாவும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

"சுகந்தி."

"என்ன?"

"பாட்டுல ஒண்ணு எடுத்துட்டு வா. எதுன்னாலும் சரி."

கைக்குக் கிடைத்ததை உருவிக்கொண்டு போனாள். கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த அவர் கையில் வைத்தாள், வைத்த பிறகுதான் உறைத்தது. அவருடைய கட்டை விரல் கவரின் ஓரமாக நகர்ந்து, மூலைக்குப் போய், நின்றது. திரும்ப வந்தது. மறுபடி போனது.

"பொட்டா?"

"கவர் கிழிஞ்சிருந்துச்சு. ஒட்டினேன்."

"கிழிசலுக்கு ரெண்டு பொட்டா?" கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். "ரெண்டுன்னா என்ன?"

"வாய்ப்பாட்டு."

"ம். நல்லாத்தான் இருக்கு. படத்துக்கெல்லாம் ஒட்டிராத. வீணாப் போயிரும்."

"ஏன் வீணாப் போகுது? எந்திரிச்சதும் பாக்கப் போறீங்கள்ல."

"அந்த டாக்டர் பொண்ணு நேவிகேஷனல் விஷன்னுல்லா சொல்லிச்சு," என்றார் அவர் தரையிடம். "கதவு தெரியும், சுவர் தெரியும். படம் எங்ஙன தெரியப் போவுது."

அவளுக்கு முதலில் தோன்றியது, கடவுளே, அந்த வார்த்தையை எவ்வளவு சுத்தமாகச் சொல்கிறார் என்பதுதான். அப்புறம்தான் மற்றதெல்லாம் வந்தது, ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்கு சரிகிற மாதிரி. வராந்தா. பச்சைத் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காது. போன செக்கப். நேற்றைய போன். இன்றைய போன்.

"அது இங்கிலீஷ்லல்லா பேசினோம்," என்றாள். தன் குரலே யாருடையதோ மாதிரி இருந்தது.

"இங்கிலீஷ்லதான் பேசுனிய. இத்தனை வருஷம் படத்துல கீழ ஓடுற இங்கிலீஷ் எழுத்தச் சும்மாவா வாசிச்சேன்? மொதல்ல எழுத்தோட கேட்டேன், பொறவு எழுத்த மறைச்சு வச்சுக்கிட்டுக் கேட்டேன். அந்தப் பொண்ணு நிறுத்தி நிதானமாத்தான் பேசிச்சு. நீதான் கொஞ்சம் வேகம். ஆனாலும் பழக்கம்லா."

"அப்ப நானும் உமையும் இத்தனை நாளா..."

"கேட்டுக்கிட்டுத்தான் கிடக்கேன். எம் பேச்சுல இஸ்டூல் வருதுன்னு அவகிட்ட சொல்லிச் சிரிச்சியே, அதெல்லாமுந்தான்."

"பின்ன என்னத்துக்கு இந்த ஊதாவும் பச்சையும்? ரெண்டு நாளா முதுகொடிய உக்காந்திருக்கேன்."

"நீ சும்மா இருந்தேன்னா ஜன்னல்கிட்டப் போயி நின்னுக்கிடுதே. மூக்க உறிஞ்சறது இங்க கேக்குது. ஒரு வேலையக் குடுத்தா உனக்கு அழ நேரம் இருக்காது. நீ எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தே, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

கோபம்தான் வந்தது. வேறு எது வந்திருந்தாலும் அவள் கீழே விழுந்திருப்பாள், அதனால் கோபம் வந்தது. மூன்று அறை உள்ள ஒரு ஃபிளாட்டுக்குள் ஒரே விஷயத்தை இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒளித்துவைத்துக்கொண்டு, இவர் அவளுக்காகத் தெரியாதவராகப் படுத்துக் கிடக்க, அவள் அவருக்காகத் தெரிந்ததை விழுங்கிக்கொண்டு உப்பில்லாத கஞ்சியை ஊட்ட, ரயிலடிப் படத்தை மேலாப்பில் வை என்று சொன்னபோது அந்தக் குரலில் எப்படி ஒரு பிசிறும் இல்லாமல் போனது, எந்தப் படத்தில் கற்றுக்கொண்டார் அதை. நான் சாத்தி வைத்திருந்த கதவுக்கு அந்தப் பக்கத்தில் இத்தனை வருஷமும் நின்றிருக்கிறார், ஒரு தரம்கூடத் தட்டவில்லை. தட்டியிருந்தால் என்ன. இருமியாவது இருக்கலாம். நான் மட்டும் வாயைத் திறந்து திறந்து எவ்வளவு பேசியிருக்கிறேன், அவர் அம்மாவைப் பற்றி, அவர் குறட்டையைப் பற்றி, இவரைக் கட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்பதைப் பற்றி, அதை உமையிடம்தானே சொன்னேன், ஒரு தீபாவளியன்று, கை முறுக்கு சுற்றிக்கொண்டே, இவர் அங்கே மோடாவில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார், பக்கத்தைத் திருப்பினார், பக்கத்தைத் திருப்பினாரே.

"கழுத்து போவுது, சுகந்தி," என்றார் அவர். இதுவரைக்கும் ஒரு தரம்கூடச் சொல்லாததை. "கொஞ்ச நேரம் மல்லாக்கப் படுத்துக்கிடட்டா?"

"கூடாது."

"என்ன பெருசா வந்துரப் போவுது. அம்புட்டுதான்னு ஆயிட்டு."

"கூடாதுன்னா கூடாது. கதவு தெரியணும், சுவர் தெரியணும். தெரியலன்னா யாரு உங்களக் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு அலையுறது? எனக்கு வேற ஜோலி இல்லயா?"

சொல்லிவிட்டு நின்றாள். அவர் சும்மாட்டின் மேல் நெற்றியை ஒரு தரம் நகர்த்தி வைத்துக்கொண்டார், பிடரி சிவந்து கன்றிப் போயிருந்தது, அதில் நரைமுடி ஈரமாக ஒட்டியிருந்தது. இவ்வளவு நாளும் அவள் அந்தப் பிடரியோடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள், சாப்பாட்டை வைத்துக்கொண்டு, மாத்திரையை வைத்துக்கொண்டு. முகம் கீழே இருந்தது. முகம் எப்படி இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள், ஒரு கையை ஊன்றி முழங்கால் நெறிபடச் சரிந்தாள், தரை ஜில்லென்று முதுகைப் பிடித்தது. ஸ்டூல் காலுக்கும் கட்டில் காலுக்கும் நடுவே தலையை நுழைத்து, நகர்ந்து நகர்ந்து அந்தச் சந்துக்குள் வந்து மல்லாந்து படுத்தாள். நேர் மேலே அவர் முகம் இருந்தது, ரத்தம் இறங்கி உப்பி, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் அந்தக் கண் சிவந்து, அகலத் திறந்து.

"என்ன பண்ணுதே?"

"சும்மா இருங்க. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

அவர் உதடு அசைந்தது. "தரை வெள்ளையா இருந்துச்சு," என்றார். "இப்ப நடுவுல கறுப்பா என்னமோ வந்து மறைக்குது."

"அது நான்தான்," என்றாள் சுகந்தி. "அசையாம பாருங்க."